கரூசெல் மேடையும் சாட்சிக் கூண்டும்

லாச்சப்பல்வாசி (இழையைத் தொடங்கியவர்):

பாரிஸில் லாச்சப்பல் தமிழ்க் கடைகளுக்கு வந்து போகிற எவருக்கும் இரண்டாம் இலக்க மெத்ரோ பழக்கமானது. அதே தடத்தில் மூன்று நிறுத்தங்கள் மேற்கே சென்றால் பிகால் வந்துவிடும். அங்கே கிளிஷி புல்வாரின் நடுவில், இரு பக்கமும் வாகனங்கள் ஓட, மரவரிசைக்கு இடையே ஒரு நடைபாதை உண்டு. அதன் ஒரு பகுதிக்கு 2017ஆம் ஆண்டு மாநகராட்சி ‘கொக்சினெல்’ என்ற பெயரைச் சூட்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக அந்த வழியே வேலைக்குப் போய்வரும் நான் அந்தப் பெயர்ப்பலகையை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. போன மாதம் என் மகள் நின்று வாசித்துவிட்டு, “பொறிவண்டின் பெயரை ஏன் அப்பா தெருவுக்கு வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டாள்.

கொக்சினெல் என்றால் பிரெஞ்சு மொழியில் பொறிவண்டுதான். கறுப்புப் புள்ளிகள் இட்ட சிவப்பு உடையை அணிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1931இல் பாரிஸில் பிறந்து, ஆணாக வளர்க்கப்பட்டு, 1953இல் மொன்மார்த்தர் குன்றடியில் உள்ள ‘மதாம் ஆர்தூர்’ காபரேயில் மேடையேறி, பிறகு ஷான்செலிசே வீதிக்கு அருகில் இருந்த ‘லெ கரூசெல்’ காபரேயின் நட்சத்திரமாகி, 1958இல் மொரோக்கோவின் காசாபிளாங்காவில் பால்மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, தேவாலயத்தில் திருமணம் முடித்து, 2006இல் மார்செய் நகரில் மறைந்த திருநங்கை அவர். காபரே என்ற சொல்லை நாம் எழுபதுகளின் திரைப்படங்களில் வில்லனின் கூடாரத்தோடு சேர்த்தே அறிந்திருக்கிறோம். ஷாம்பெய்ன் விற்பதற்காக அரைகுறை உடையில் ஆட்டம் நடக்கும், வயது வந்தோருக்கு மட்டுமான அந்த இடம்தான் ஐரோப்பாவில் ஒரு தலைமுறைத் திருநங்கையருக்கு முகம் கொடுத்தது. அந்த மேடை அவர்களுடைய சுய வெளிப்பாடாக இருந்ததா, அல்லது அவர்களைக் காட்சிப்பொருளாக வைத்து யாரோ காசு பார்த்த இடமா என்பதே என் கேள்வி. மகளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை.

திரைமறைவு:

மேடை வரலாற்றில் ஆர்வம் உள்ளவன் என்ற முறையில் ஒரு வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் பெண்ணாக நடிப்பது நமக்குப் புதிதல்ல. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் இருந்தார்கள். தெருக்கூத்தில் இன்றும் திரௌபதியாக ஆண் ஆடுகிறார். ஔவையாராக நடித்த டி.கே. சண்முகத்துக்கு அந்த வேடமே பெயரோடு சேர்ந்துகொண்டது. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரின் கலை அது. மேலைநாட்டு இரவு விடுதிகளிலும் இதற்கு இணையான மரபு இருந்தது. ஆட்டத்தின் இறுதியில் கலைஞர் விக்கைக் கழற்றித் தலையைக் காட்டுவார், கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டலில் ஒரு நிம்மதி இருக்கிறது. எல்லாம் விளையாட்டுத்தான், உலகம் பழையபடியேதான் இருக்கிறது என்ற நிம்மதி.

கரூசெல் கலைஞர்களிடம் கழற்றுவதற்கு விக் இருக்கவில்லை. தலைமுடி அவர்களுடையது. ஹார்மோன் ஊசிகளால் உடலும் மாறிக்கொண்டிருந்தது. எந்த மருந்து, எவ்வளவு, எங்கே கிடைக்கும் என்ற விவரங்கள் மருத்துவரிடமிருந்து அல்ல, ஒப்பனை அறையில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயின. காசாபிளாங்காவில் ஜார்ஜ் புரூ என்ற மகப்பேறு மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்கிறார் என்ற செய்தியும் அப்படியே பரவியது. கொக்சினெல் போய்வந்த பிறகு அதே மேடையின் பாம்பி போனார், 1960இல் லிவர்பூலைச் சேர்ந்த ஏப்ரல் ஆஷ்லி போனார். பிரான்ஸின் எந்த மருத்துவமனையும் வாசற்கதவைத் திறக்காத காலத்தில் அந்த ஒப்பனை அறைதான் ஆலோசனைக் கூடமாகவும் இருந்தது. ஆகவே மேடையை வெறும் காட்சிப்படுத்தல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

பின்வரிசை:

அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கொஞ்சம் அதிகமாகவே அழகாக. அந்த ஒப்பனை அறையைவிட்டு வெளியே வந்து தெருவில் அதே உடையோடு நடந்தால் காவலர்கள் பிடித்துக்கொண்டு போன காலம் அது. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு அச்சகத்திலோ தையற்கடையிலோ வேலை கிடைத்திருக்காது. வேறு எந்தக் கதவும் திறக்காதபோது திறந்திருக்கும் ஒரே கதவைத் தேர்வு என்று சொல்லலாமா? பார்வையாளர் கலையைப் பார்க்க வந்தாரா, அல்லது ‘கண்டுபிடிக்க முடிகிறதா பார்ப்போம்’ என்ற பந்தயத்தோடு வந்தாரா? முதலாளிக்கு இரண்டும் ஒரே கல்லாப்பெட்டியில்தான் விழுந்தன. அமெரிக்கச் சிப்பாயாக இருந்து, சிகிச்சை பெற்றுப் பெண்ணாக மாறிய கிறிஸ்டீன் ஜோர்கன்சனின் கதை 1952 டிசம்பரில் நியூயார்க் நாளிதழின் முதற்பக்கத்தில் வெளியானபோது அவர் புகைப்படத் துறையில் வாழ நினைத்தவர். அந்தப் பரபரப்புக்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டது இரவு விடுதி மேடை. 1959இல் நியூயார்க்கில் அவருக்குத் திருமண உரிமம் மறுக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருப்பதே காரணம். மேடையில் ஆயிரம் பேர் பெண் என்று ஏற்றாலும் ஒரு குமாஸ்தா ஏற்கவில்லை.

சட்டநூல்:

குமாஸ்தாவைப் பற்றிப் பின்வரிசை சொன்னது, நான் எழுத நினைத்த இடத்துக்கே என்னைக் கொண்டுவந்துவிட்டது. ஏப்ரல் ஆஷ்லியின் வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1935இல் லிவர்பூலில் பிறந்து, வணிகக் கப்பலில் சிறிது காலம் வேலை செய்து, பாரிஸுக்கு வந்து கரூசெல் மேடையில் ஆடினார். சிகிச்சைக்குப் பின் லண்டனில் புகழ்பெற்ற மாடலாக இருந்தவரை 1961இல் ஒரு ஞாயிறு இதழ் அம்பலப்படுத்தியது. அதோடு வேலை போயிற்று. 1963இல் ஜிப்ரால்டரில் ஆர்தர் கார்பெட் என்ற பிரபு குடும்பத்தவரை மணந்தார். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. ஜீவனாம்சம் கேட்டபோது, இது திருமணமே அல்ல என்று அறிவிக்கக் கோரிக் கணவர் வழக்குத் தொடுத்தார். 1970இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆர்ம்ராட் மருத்துவமும் படித்தவர். குரோமோசோம், இனச்சுரப்பி, பிறப்புறுப்பு ஆகிய மூன்றும் பிறப்பின்போது எப்படி இருந்தனவோ அதுவே திருமணச் சட்டத்துக்கு ஒருவரின் பால் என்று அவர் முடிவுசெய்து, திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பில் இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புடைய ஓர் இடம் இருக்கிறது. முதற்பார்வைக்கு ஆஷ்லி பெண்ணாகவே தோன்றினார் என்றும், சாட்சிக் கூண்டில் நெடுநேரம் கவனித்தபோது அவருடைய குரலும் சைகைகளும் தேர்ந்த பெண்வேடக் கலைஞரையே மேலும் மேலும் நினைவூட்டின என்றும் நீதிபதி எழுதினார். அவருக்கு வாழ்வு தந்த மேடையே அவருக்கு எதிரான சாட்சியாக மாறிய இடம் இது. ஒரு பெண் நடிகை கூண்டில் ஏறி நின்றால், இவர் நடிப்பதால் பெண் அல்ல என்று எந்த நீதிபதியும் சொல்லப்போவதில்லை. காபரேயில் ஆடிய திருநங்கைக்கு மட்டும் அவருடைய தொழில் ஆயுள் முழுவதற்குமான சந்தேகமாகிவிடுகிறது. லாச்சப்பல்வாசியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: மேடையில் நடந்தது சுய வெளிப்பாடே. மேடைக்கு வெளியிலும் அதை நடிப்பு என்று மட்டுமே படித்தவர்களிடம்தான் குற்றம் இருக்கிறது.

இங்கிலாந்தில் அந்தத் தீர்ப்பின் நிழல் 34 ஆண்டுகள் நீடித்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002இல் கண்டித்த பிறகே 2004இல் பாலின அங்கீகாரச் சட்டம் வந்தது. ஆஷ்லி அந்தச் சட்டத்தைப் பார்க்க உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

திரைமறைவு:

கரூசெல் குழுவினர் வெளிநாடுகளுக்கும் பயணம் போனார்கள் என்பதை இடையில் சேர்த்துவிடுகிறேன். அறுபதுகளில் அவர்கள் ஜப்பானுக்குப் போய்வந்த பிறகு, அங்கே இரவு விடுதிகளில் அதே பாணியில் ஆடுவோர் பெருகினார்கள். அவர்களைப் பத்திரிகைகள் ‘புளூ பாய்’ என்று எழுதின. அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த ஒரு மருத்துவர் 1969இல் டோக்கியோவில் தண்டிக்கப்பட்டார். அதன்பின் 1998 வரை அந்நாட்டில் எந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையை வெளிப்படையாகச் செய்யத் துணியவில்லை. அங்கும் மேடைக்குக் கைதட்டு, சிகிச்சைக்கு விலங்கு.

ஒப்பனைப்பெட்டி:

இந்த இழையில் திருநங்கை நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். தென்மாவட்டக் கோயில் கொடை விழாக்களில் கரகம் எடுத்தும் காளி வேடம் கட்டியும் 22 ஆண்டுகளாகப் பிழைக்கிறேன். அதற்கு முன்பு சில ஆண்டுகள், நீங்கள் ரெக்கார்டு டான்ஸ் என்று முகம் சுளிக்கும் ஆட்டமும் ஆடியிருக்கிறேன். பாரிஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விக்கைக் கழற்றிக் காட்டுவது பற்றித் திரைமறைவு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை.

ஒரு கொடையில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்தவர், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது மைக்கில் அறிவிக்கச் சொல்லியிருந்தார்: இவ்வளவு நேரம் நீங்கள் ரசித்தது பெண்ணையல்ல என்று. கூட்டத்துக்கு அதிர்ச்சி கொடுத்தால் அடுத்த ஊரிலும் புக்கிங் வரும் என்பது அவர் கணக்கு. எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. அறிவிப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்தவர்களில் ஒருவர், தலைமுடியை இழுத்துக்காட்டு என்று கத்தினார். இடுப்பு வரை வளர்ந்த என் சொந்த முடி அது. நான் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பேசிய கூலியில் பாதிதான் தந்தார்கள். நான் சிரிக்கவில்லையாம், அது குறையாம். ஆர்ம்ராட் துரை கூண்டில் செய்ததையும் இவர் மைக்கில் செய்ததையும் நான் வேறுவேறாகப் பார்க்கவில்லை.

ஆனாலும் பின்வரிசை அவர்களே, மேடை எனக்கு வேறு கதவில்லாமல் கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை என்றாலும், அது கிடைத்தபோது நான் அழுதேன் என்பதையும் கணக்கில் சேருங்கள். வீட்டில் அக்காவின் தாவணியைத் திருட்டுத்தனமாகக் கட்டியதற்கு அடி வாங்கியவள் நான். ஆயிரம் பேர் பார்க்க, விளக்கு வெளிச்சத்தில், சேலை கட்டி நிற்கலாம், அதற்குக் கூலியும் உண்டு என்று முதன்முதலாக ஓர் இடம் சொன்னது. கடை கடையாக ஏறிக் காசு கேட்கப் போகாமல் பத்தாண்டுகள் என்னைக் காப்பாற்றியதும் அந்த இடம்தான்.

பின்வரிசை:

நான் எழுதியதில் அந்தப் பகுதி விடுபட்டிருந்தது. ஏற்றுக்கொள்கிறேன், அக்கா. ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜுக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் அனைவரும் பெருமைப்பட்டோம். அவர் அடைந்த உயரம் அவருடைய உழைப்பால் வந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கரகாட்ட மேடையில், நள்ளிரவில், சில சமயம் ஆபாசம் என்று நீதிமன்றம் வரை போகும் ஆடல் பாடல் நிகழ்ச்சியில் ஆடும் திருநங்கையைப் பற்றி நாம் அதே குரலில் பேசுவோமா? ‘கண்ணியமான’ மேடையில் ஏறினால்தான் மதிப்பு என்றால், அந்தக் கண்ணியத்தை யார் அளக்கிறார்கள்?

சட்டநூல்:

நல்ல கேள்வி, அதற்குச் சட்டத்திலிருந்து ஓர் ஓரத்தை மட்டுமே என்னால் தொட முடியும். பிரான்ஸுக்கு எதிராக ஸ்ட்ராஸ்பூர்க்கில் வென்ற முதல் திருநங்கையும் ‘கண்ணியமான’ மேடையிலிருந்து வந்தவர் அல்லர். பி. என்ற எழுத்தால் மட்டும் தீர்ப்பில் குறிக்கப்படும் அவர் 1935இல் அல்ஜீரியாவின் சிதி பெல் அபேஸ் நகரில் பிறந்து, 1963இல் பாரிஸுக்கு வந்து, புனைபெயரில் காபரேயில் வேலை செய்தவர். பிரெஞ்சுக் குடிமக்களின் சமூகக் காப்பீட்டு எண் ஆணுக்கு 1 என்றும் பெண்ணுக்கு 2 என்றும் தொடங்கும். லாச்சப்பல்வாசியின் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டு தொடங்கி எங்கு போனாலும் அந்த ஓர் இலக்கம் அவரைக் காட்டிக்கொடுத்தது. 1992 மார்ச்சில் அந்த நீதிமன்றம் அவருடைய தனிவாழ்வுரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது.

அடுத்தது நம் நாட்டுக்கே வருகிறது. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஆஷ்லியைத் தோற்கடித்த கார்பெட் தீர்ப்பைப் பெயர் சொல்லி எடுத்து ஆராய்ந்து, அதை ஏற்க மறுத்தது. உடற்கூற்றுச் சோதனையைவிட ஒருவரின் மனம் தன்னை எவ்வாறு உணர்கிறது என்பதே முதன்மையானது என்றது. பாரிஸ் காபரேயில் ஆடிய ஒரு பெண்ணுக்கு லண்டனில் மறுக்கப்பட்டது, 44 ஆண்டுகள் கழித்து டெல்லியில் கோவில்பட்டிக்காரிக்கும் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போகிறவளுக்கும் கொள்கையளவில் கிடைத்தது. அந்தத் தீர்ப்பை நம்பித்தான் 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கூறி, தூத்துக்குடிப் பதிவாளர் மறுத்த ஒரு திருமணத்தைப் பதிவுசெய்ய உத்தரவிட்டார். கார்பெட்டுக்கு எதிரான முழு மறுமொழி தாமிரபரணிக் கரையிலிருந்து போனது என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் இருக்கிறது, மன்னிக்கவும்.

லாச்சப்பல்வாசி:

எண்ணை எடுத்துப் பார்த்தேன், 1இல்தான் தொடங்குகிறது. மனைவியின் அட்டையில் 2. இத்தனை ஆண்டுகளில் இருவருமே கவனித்ததில்லை. நமக்குத் தொல்லை தராத எண் நம் கண்ணில் படுவதில்லை போலும்.

பாம்பியைப் பற்றி வாசித்ததை எழுதிவிடுகிறேன், ஏனெனில் அவருடைய கதை என் கேள்வியையே குழப்பிவிட்டது. அவரும் 1935இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். கரூசெல் குழு அல்ஜியர்ஸுக்கு வந்து ஆடியதைப் பார்த்துத்தான், இப்படியும் வாழலாம் என்று தெரிந்துகொண்டு பாரிஸுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேடையின் உச்சத்தில் இருந்தவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு பள்ளியிறுதித் தேர்வு எழுதி, சோர்போன் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்து, 1974இல் ஆசிரியரானார். இரவில் ஆட்டம், பகலில் படிப்பு என்று ஓடிய ஆண்டுகள் அவை. ஓய்வு பெறும் வரை அவருடைய மாணவர்களுக்கு அவரின் கடந்த காலம் தெரியாது. கல்விப் பணிக்கான அரசு விருதும் அவருக்குக் கிடைத்தது. ஐரோப்பாவின் சுவரொட்டிகளில் இருந்த முகம் ஒரு புறநகர்ப் பள்ளியில் இலக்கணம் திருத்திக்கொண்டிருந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருநங்கையர் பொதுவெளியில் தெரியவேண்டும் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இவர் தெரியாமல் இருப்பதற்காகவே அவ்வளவு உழைத்தார். இதை ஒளிந்துகொண்டார் என்று சொல்வதா, விடுதலை பெற்றார் என்று சொல்வதா?

திரைமறைவு:

ஓய்வுக்குப் பிறகு அவரே தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார், ஆவணப்படத்திலும் தோன்றினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்போது தெரியவேண்டும், யாருக்குத் தெரியவேண்டும் என்பதை அவரே முடிவுசெய்தார். ஆஷ்லிக்கு அந்த உரிமையை ஞாயிறு இதழ் பறித்துக்கொண்டது. பறிக்கப்பட்டதும் கொடுக்கப்பட்டதும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதுதான் நம் சொல்லாட்சியில் உள்ள கோளாறு. இன்னொன்று: இதுவரை எழுதியதில் ‘வேடம்’ என்ற சொல்லை நாம் தாறுமாறாகப் பயன்படுத்திவிட்டோம் என்று தோன்றுகிறது. நிர்வாகி அனுமதித்தால் என் பதிவுகளிலிருந்து அதை நீக்கிவிட விரும்புகிறேன்.

ஒப்பனைப்பெட்டி:

நீக்க வேண்டாம், ஐயா. வேடம் என் தொழில். அதில் எனக்கு வெட்கம் ஏதுமில்லை. காளி வேடத்துக்கு முகத்தில் நீலம் பூச ஒன்றரை மணி நேரம் ஆகும், நாக்கைச் சிவப்புத் துணியில் தைத்து வைத்திருக்கிறேன், பத்துக் கையில் நான்கு மரக்கை. அதெல்லாம் வேடம். ஆட்டம் முடிந்து நீலத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, நைலக்ஸ் சேலையைச் சுற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு நிற்கிறேனே, அது வேடம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு என்று நீதிபதிக்கும் மைக் பிடித்தவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த டீச்சரம்மா பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கும் அப்படி ஒரு ஆசை உண்டு, டீச்சர் ஆக அல்ல. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஊரில் ஒரு தையல் மிஷின் போட்டு, பாவாடை சட்டை தைத்துக்கொடுத்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். ஆனால் ஆடி மாதத்தில் நையாண்டி மேளச் சத்தம் கேட்டால் கால் நிற்குமா என்பது எனக்கே தெரியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஒரு கொடை இருக்கிறது. பேசும்போதே அறிவிப்பு எதுவும் கூடாது என்று சொல்லி, முன்பணத்தை வாங்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.